ஆரைக்கீரையும் ஆய்வகமும்

நீர் தேங்கிய வயல்களில் தானாக முளைக்கும் ஆரைக்கீரையை நாம் அறிவோம். வங்காளத்தில் அதனை 'சுஷ்னி' என்பர். அக்கீரையையும் சடாமாஞ்சிலையும் கொண்டு வலிப்பு நோய்க்கு 'ஆயுஷ்-56' என்ற மருந்தை உருவாக்கியதில் முதன்மைப் பங்காற்றியவர், கொல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் அசீமா சட்டர்ஜி.

1917-இல் பிறந்த அவர், 1940-இல் லேடி பிரபோர்ன் கல்லூரி வேதியியல் துறையின் முதல் தலைவரானார். 1944-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. 1962 முதல் 1982 வரை கைரா பேராசிரியராகப் பணியாற்றினார். 1975-இல் இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் பெண் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

இவற்றினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இத்தகைய மருந்தாய்வை ஒரு தனியார் நிறுவனம் ஏன் முன்வந்து செய்வதில்லை?

இதற்கான விடை பொருளியலில் இருக்கிறது. மரபறிவாக ஏற்கெனவே அறியப்பட்ட ஒன்றுக்குக் காப்புரிமை வழங்க இந்தியச் சட்டம் இடம் தருவதில்லை, அது நியாயமும்கூட. ஆனால், கீரையின் குணத்தை மெய்ப்பிக்க ஒருவர் செலவிட்டால், அதன் பயனைப் போட்டியாளரும் இலவசமாகப் பெறுவர். லாபத்தைக் காத்துக்கொள்ள இயலாத இடத்தில் சந்தை முதலீடு செய்யாது. இத்தகைய அறிவைப் 'பொதுப் பண்டம்' என்கிறோம். அதற்கான செலவை அரசுதான் ஏற்க வேண்டும்.

அந்தச் செலவின் பெரும்பகுதி, பேராசிரியரின் ஊதியத்துக்குள்ளேயே மறைந்திருக்கிறது. தாவரத்திலிருந்து வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தல், அதன் அமைப்பை அறிதல், விலங்குகளிடமும் பின்னர் மனிதரிடமும் சோதித்தல் என இப்பணி பல ஆண்டுகள் நீளும். ஒரு மாணவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்வார். ஆசிரியர் நிலைத்திருந்தால் மட்டுமே அந்தத் தொடர்ச்சி சாத்தியம்.

இன்றோ, நிரந்தரப் பணியிடங்கள் பல காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகள் நடக்கின்றன. அடுத்த ஆண்டு பணி நீடிக்குமா என்று அறியாதவர், பத்தாண்டு ஆய்வை எவ்வாறு தொடங்குவார்? ஆராய்ச்சிக்கு நாடு செலவிடுவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

காலிப் பணியிடத்தால் மிச்சமாகும் ஊதியம் நிதிநிலை அறிக்கையில் சேமிப்பாகத் தெரியலாம். கண்டறியப்படாமல் போகும் மருந்துகளோ எந்தக் கணக்கேட்டிலும் இழப்பாகப் பதிவாவதில்லை. அந்த இழப்பைச் சுமக்கப்போகிறவர்கள், விலையுயர்ந்த மருந்தை வாங்க வழியில்லாத நோயாளிகளே. ஆட்சியாளர்கள் இதை உணர வேண்டும்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).