கொம்பைப் பார்த்தால் குடும்பம் தெரியும்

சென்னை கிண்டி சிறுவர் பூங்காவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஓடுவது ஊஞ்சல் பக்கம்தான். ஓடட்டும், ஊஞ்சலும் வேண்டியதுதான். ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது மான்கள் இருக்கும் வேலிப் பக்கம் வாருங்கள். அங்கே ஒரு புதிர் இருக்கிறது.

புள்ளிமான், வெளிமான் என்று இரண்டு விலங்குகள் இந்தப் பூங்காவை ஒட்டிய காட்டில் வாழ்கின்றன. இரண்டுக்கும் குளம்பு உண்டு. இரண்டும் அசைபோடும். இரண்டிலும் ஆணுக்குத்தான் கொம்பு. ஆனால் வெளிமானுக்கு நெருங்கிய சொந்தம் புள்ளிமான் இல்லை. நம் ஊர் ஆடும் மாடும்தான்! விலங்கியலார் வெளிமானை மாட்டுக் குடும்பத்திலும் புள்ளிமானை மான் குடும்பத்திலும் சேர்த்திருக்கிறார்கள். நம்ப முடியவில்லையா? தலையைப் பாருங்கள்.

புள்ளிமானின் கொம்பு கிளை விட்டிருக்கும். நன்றாக வளர்ந்த ஆணுக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று முனைகள். அது முழுக்க முழுக்க எலும்பு. ஆண்டுக்கு ஒரு முறை உதிர்ந்து, மறுபடி முளைக்கும். முளைக்கிற காலத்தில் அதன் மேல் மெல்லிய ரோமம் படர்ந்த தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலுக்குள் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எலும்பு வளரத் தேவையான கால்சியத்தையும் பாஸ்பரஸையும் கொண்டுவந்து சேர்ப்பது அவைதான். பாலூட்டிகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு கிடையாது. சில மாதங்களில் வளர்ச்சி முடிந்ததும் ரத்த ஓட்டம் நின்றுபோகும். தோல் காய்ந்து உரியும். மான் மரத்தில் கொம்பைத் தேய்த்துத் தேய்த்து அதைக் கழற்றிவிடும். அந்த நேரத்தில் கொம்பிலிருந்து தோல் கிழிசலாகத் தொங்குவதைப் பார்த்து, ‘ஐயோ, அடிபட்டுவிட்டதே’ என்று பயப்பட வேண்டாம்.

வெளிமானின் கொம்பு கிளைக்காது. வளையம் வளையமாக, முறுக்கிக்கொண்டு மேலே போகும். அதன் நடுவில் ஓர் எலும்பு. அந்த எலும்பின் மேல் கெரட்டின் உறை. உங்கள் விரல் நகத்தில் இருப்பதும் கெரட்டின்தான். இந்தக் கொம்பு உதிராது. உடைந்தால் உடைந்ததுதான், புதிதாக ஒன்று முளைக்காது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இப்படித்தானே? அதனால்தான் வெளிமான் அவற்றின் சொந்தம்.

இன்னொரு வேற்றுமை எனக்கு ரொம்பப் பிடித்தது. புள்ளிமானின் கொம்பு நுனியில் வளரும், வெளிமானின் கொம்பு அடியில் வளரும். ஆகவே பெரிய வெளிமானின் கொம்பு நுனி, அது குட்டியாக இருந்தபோது முளைத்த பகுதி. புள்ளிமானிடம் அப்படிப் பழைய கணக்கு எதுவும் இருக்காது. போன வருஷக் கொம்பு எங்கோ புதரில் கிடக்கும். அதுவும் வீணாவதில்லை. முள்ளம்பன்றியும் எலியும் கால்சியத்துக்காக அதைக் கொறிக்கும். சில சமயம் மான்களே கடித்துச் சுவைக்கும்.

குளிர்நாடுகளில் ஆண் மான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருவத்தில் கொம்பை உதிர்க்கும். நம் புள்ளிமானுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே மந்தையில் கொம்பு முற்றிய ஆண், தோல் போர்த்திய கொம்போடு ஓர் ஆண், கொம்பே இல்லாத ஓர் ஆண் என மூவரையும் பார்க்கலாம். கொம்பில்லாததையெல்லாம் பெண் என்று எண்ணிவிடாதீர்கள். காதுகளுக்கு நடுவே இரண்டு சிறிய மேடுகள் தெரிந்தால், அது கொம்பு உதிர்த்த ஆண்.

வெளிமானில் ஆண், பெண் பார்ப்பது இன்னும் எளிது. பெண்ணும் குட்டியும் வெளிர்பழுப்பு. ஆண் வளர வளர முதுகுப் பக்கம் கறுத்துக்கொண்டே வரும். வயிறும் கண்ணைச் சுற்றிய வட்டமும் வெள்ளை. தென்னிந்தியாவில் பல ஆண்கள் முழுக்கறுப்பு ஆகாமல் கரும்பழுப்போடு நின்றுவிடுகின்றன.

இந்த இரண்டும் ஒரே காட்டில் இருந்தாலும் ஒரே இடத்தில் வாழ்வதில்லை. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். எதிரியைத் தூரத்திலேயே பார்ப்பதும் பார்த்ததும் ஓடுவதும்தான் அதன் பாதுகாப்பு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்கூட அதனால் முடியும். புதர் மண்டினால் பார்வையும் மறையும், ஓட்டமும் தடைபடும். கிண்டி தேசியப் பூங்காவுக்குள் போலோ மைதானம் என்றொரு புல்வெளி இருக்கிறது. வெளிமான்களுக்குப் பிடித்த இடம் அதுதான். புள்ளிமானுக்கோ மரநிழலும் பக்கத்தில் புல்லும் இருந்தால் போதும். இலைகளின் இடுக்கில் விழும் வெயில் பொட்டுகளோடு அதன் புள்ளிகள் கலந்துவிடும். எனவே இந்தப் பூங்காவை முழுக்க மரம் நட்டு நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால், வெளிமானின் சார்பில் நீங்கள் மறுத்துப் பேச வேண்டும்!

இங்கே இயற்கையாக வளரும் காடும் தனி ரகம். வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டித் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும் காட்டு வகை இது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலையும் தாண்ட வேண்டும். அதனால் களா, காட்டு எலுமிச்சை போன்றவற்றின் இலைகள் சிறியவை, தடித்தவை, தோல் போன்றவை. நீர் எளிதில் ஆவியாகிவிடாது. உயரமான மரங்கள் குறைவு, முள்ளும் புதரும் அதிகம். ‘இதென்ன, வெறும் முள்காடு’ என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

நகரத்தின் நடுவில் இப்படி ஒரு காடு எப்படித் தப்பியது? ஆங்கிலேயர் காலத்தில் இது வேட்டைக்காக வைத்திருந்த காடு. கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவரிடம் இருந்த இடத்தை 1821இல் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910இல் அது காப்புக்காடு ஆனது. அப்போது ஏறக்குறைய 505 ஹெக்டேர். பிறகு ஐ.ஐ.டி., தலைவர்களின் நினைவிடங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் போனது. 1978இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிச்சம் இருந்தது சுமார் 270 ஹெக்டேர். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று. தேசியப் பூங்காவுக்குள் நினைத்தபோதெல்லாம் போக முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். நாம் சுற்றிப்பார்ப்பது அதன் விளிம்பில் உள்ள சிறுவர் பூங்காவை. பக்கத்திலேயே பாம்புப் பூங்கா. பாம்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது.

இனி மானின் வயிற்றுக்கு வருவோம். அதன் இரைப்பையில் நான்கு அறைகள். மேய்ந்ததைச் சரியாக மெல்லாமல் முதல் அறைக்குள் தள்ளிவிட்டு, நிழலில் படுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும். புல்லில் இருக்கும் செல்லுலோஸை மானால் தானாகச் செரிக்க முடியாது. முதல் அறையில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள்தான் அதை உடைத்துத் தருகின்றன. மான் அவற்றுக்கு வீடும் உணவும் தருகிறது, அவை மானுக்குச் சத்தைத் தருகின்றன.

நீங்கள் ஆசையாக நீட்டும் பிஸ்கட் அங்கே போய் என்ன செய்யும் தெரியுமா? மாவும் சர்க்கரையும் கிடைத்தால் சில வகை பாக்டீரியாக்கள் மட்டும் மளமளவென்று பெருகும். இட்லி மாவு இரவில் பொங்கிப் புளிக்கிறதே, அப்படி அந்த அறையும் புளித்துப்போகும். லாக்டிக் அமிலம் கூடிவிடும். புல்லைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடியும். நிறையத் தின்றுவிட்டால் மான் இறந்தும் போகலாம்.

பிஸ்கட் உறை அதைவிட மோசம். உப்பும் இனிப்பும் ஒட்டிய உறையை மான் நக்கும், பிறகு விழுங்கும். முதல் அறையிலிருந்து அடுத்தடுத்த அறைகளுக்குப் போக உணவு நன்றாகப் பொடியாக வேண்டும். பிளாஸ்டிக் பொடியாகாது. அங்கேயே தங்கி, ஒன்றோடொன்று சுருண்டு உருண்டையாகும். இடம் அடைத்துக்கொள்வதால் மானுக்கு வயிறு நிறைந்ததுபோல இருக்கும், மேயாது. வயிறு நிறையப் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும்.

வேலியருகே நிற்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். மானின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் தலையைத் திருப்பாமலே சுற்றிலும் பெரும்பகுதியைப் பார்த்துவிடும். ஆனால் நிறம் பிரித்தறிய நம் கண்ணில் மூன்று வகைக் கூம்புச் செல்கள், மானுக்கு இரண்டே வகை. சிவப்பு அதற்கு எடுப்பாகத் தெரியாது. நீங்கள் சிவப்புச் சட்டையோடு அசையாமல் நின்றால் அது பாட்டுக்கு மேயும். கையை ஆட்டினால் போதும், எல்லாத் தலையும் நிமிரும். காது திரும்பும். ஒரு மான் முன்காலைத் தரையில் தட்டினாலோ வாலைத் தூக்கி அடிப்பக்க வெள்ளையைக் காட்டினாலோ, மற்றவற்றுக்கு அது எச்சரிக்கை. அப்போது இரண்டடி பின்வாங்குங்கள்.

காலையில் போனால் மேய்வதைப் பார்க்கலாம், உச்சிவெயிலில் போனால் அசைபோடுவதைப் பார்க்கலாம். ஒரு நோட்டும் பென்சிலும் தண்ணீர் பாட்டிலும் போதும். தின்பண்டப் பொட்டலம் வீட்டிலேயே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை மட்டும் பூங்காவுக்கு விடுமுறை, அம்மா அப்பாவிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.