ஊரே சேர்ந்து வாங்கின பப்

இங்கிலாந்து கிராமம்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கல் வீடு, பழைய சர்ச், பச்சைப் புல்வெளியில கிரிக்கெட். இதெல்லாம் இன்னும் இருக்கு. ஆனா ஊர்க்காரங்க தினமும் ஒருத்தரையொருத்தர் பார்த்துப் பேசுற இடம் எதுன்னு கேட்டா, பல ஊர்கள்ல பதில் பப்தான்.

பப்னா நமக்கு டிஜே, என்ட்ரி ஃபீஸ். அங்க அது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதோட சுருக்கம். தாத்தா பாட்டி வருவாங்க, குழந்தைங்க வருவாங்க, நாய்கூட வரும். ஞாயிறு மதியம் ரோஸ்ட் சாப்பாடு, ஒரு ராத்திரி க்விஸ். குடிக்காதவங்களும் வந்து உட்காரலாம்.

பிரச்சினை என்னன்னா, சின்ன ஊர்கள்ல கடை, போஸ்ட் ஆபீஸ், பஸ் எல்லாம் ஒவ்வொண்ணா நின்னு போச்சு. கார் இருக்கிறவங்க டவுன் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயிடுறாங்க. பீரும் அங்க விலை கம்மி. பப் ஓனருக்கோ, கட்டடத்தை வீடா மாத்தி வித்தா லாபம். எங்க வேலையில இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொல்வோம். மிச்சம் இருக்கிற அந்த ஒண்ணும் போச்சுன்னா, எல்லாம் போச்சு.

நார்த் யார்க்‌ஷயர்ல, ரிச்மண்ட் டவுன் பக்கத்துல ஹட்ஸ்வெல்னு ஒரு கிராமம். சில நூறு பேர்தான். அங்க இருந்த ஒரே பப், 'ஜார்ஜ் அண்ட் டிராகன்', 2008-ல மூடிடுச்சு. ஊர்க்காரங்க கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு, ஷேர் வித்துப் பணம் திரட்டி, அதை வாங்கி 2010-ல திறந்தாங்க. எவ்வளவு ஷேர் வச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். உள்ளேயே ஒரு குட்டி மளிகைக் கடை, நூலகம். கடையை நடத்துறது சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பின்னாடி காய்கறி பயிரிட நிலம். பீர் ரசிகர்களோட அமைப்பான கேம்ரா, 2016-க்கான நாட்டின் சிறந்த பப்னு இதைத் தேர்ந்தெடுத்துச்சு.

2011-ல வந்த லோக்கலிஸம் சட்டமும் இதுக்கு உதவுச்சு. ஒரு பப்பை 'சமூகச் சொத்து'ன்னு கவுன்சில் பட்டியல்ல சேர்த்துட்டா, ஓனர் விற்க நினைக்கும்போது ஊர்க்குழு 6 மாசம் அவகாசம் வாங்கலாம்னு அந்தச் சட்டம் வழி பண்ணுச்சு. ஆனா ஊருக்குத்தான் விற்கணும்னு அதுல கட்டாயம் வைக்கல.

வாங்கிட்டா மட்டும் போதாது, மழை கொட்டுற ஜனவரி ராத்திரியிலயும் ஆளுங்க வரணும்.

இங்கிலாந்துல இருக்கிற நம்ம மக்கள் யாராவது கேட்டுட்டு இருக்கீங்களா? வீக்கெண்ட்ல கிராமத்துப் பக்கம் போனா, போட்டோ மட்டும் எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க. உள்ள போய் ஒரு டீயாவது குடிச்சிட்டு வாங்க.