கம்ப்யூட்டர் திறக்கவில்லையா? அழிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

தீபாவளி கழிந்த மறுவாரம், மூணாறு பக்கத்து எஸ்டேட்டிலிருந்து நண்பர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு போன் செய்தார்.

"சார், பொட்டி ஆன் ஆகுது, லைட்டும் எரியுது. ஆனா உள்ளே போக மாட்டேங்குது. கடைக்காரர் எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் புதுசா போடணும்கிறார். போடச் சொல்லிடட்டுமா?"

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். மகளின் கல்லூரி ப்ராஜெக்ட், ஸ்காலர்ஷிப்புக்காக ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள், காலமான தகப்பனாரின் எஸ்டேட் கால போட்டோக்கள். வேறு எங்கும் நகல் கிடையாது. "இன்றைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். பெட்டியைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். காலையில் பேசுவோம்" என்றேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. டிப்ளமா முடித்து, ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து, ஒலவக்கோட்டில் ஓய்வு பெற்றவன். ஒரு சிக்னல் விழவில்லை என்றால் நாங்கள் பேனலையே பிரித்துப் போட்டுவிட மாட்டோம். ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டிய ரிலேக்களில் எது பிக்கப் ஆகவில்லை என்று வரிசையாகப் பார்ப்போம். பழுது அந்த இடத்தில்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. எஞ்சின் நடுவழியில் நின்றுவிட்டால் பின்னால் வேகனில் இருக்கும் சரக்கு கெட்டுப்போவதில்லை. கம்ப்யூட்டரில் விண்டோஸ் என்பது எஞ்சின். நம் படங்களும் கடிதங்களும் சரக்கு. எஞ்சின் நின்றதற்காகச் சரக்கைக் கொளுத்த வேண்டியதில்லை.

வரிசை என்ன?

சுவிட்சைப் போட்டதும் முதலில் தாய்ப்பலகையில் உள்ள 'பயாஸ்' என்ற சிறிய நிரல் விழிக்கிறது. அது மெமரியையும் கீபோர்டையும் சோதிக்கிறது. அடுத்து டிஸ்க் எங்கே என்று தேடுகிறது. டிஸ்க்கில் இருக்கும் தொடக்க நிரலைக் கண்டுபிடித்துப் பொறுப்பை ஒப்படைக்கிறது. அந்த நிரல் விண்டோஸை அழைத்து வருகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த ஸ்டேஷனில் நின்றது?

திரையில் எதுவுமே வரவில்லை: விளக்கு எரிந்து ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாக இருந்தால் விண்டோஸின் மேல் குற்றமில்லை. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு மீண்டும் போட்டுப் பாருங்கள். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால், மின் இணைப்பை எடுத்துவிட்டு மெமரிப் பலகையைக் கழற்றித் திரும்பப் பொருத்தினாலே பல பெட்டிகள் எழுந்துவிடும். இடுக்கியின் ஈரக்காற்றில் அதன் தொடுமுனைகளில் களிம்பு பிடிப்பது சகஜம்.

டிஸ்க் இல்லை என்று எழுத்து வருகிறது: முதலில் செருகியிருக்கும் பென் டிரைவை எடுங்கள். பிறகு சுவிட்சைப் போட்டவுடன் எஃப் 2 அல்லது டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் பக்கம் திறக்கும். சில கம்பெனிகளில் எஃப் 10, எஸ்கேப் என்று மாறும். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் தொடக்க வரிசையைச் சரிசெய்தால் போதும். தெரியாவிட்டால் கேபிளோ டிஸ்க்கோ பழுது. டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது உள்ளதையும் கெடுக்கும்.

விண்டோஸ் சின்னம் வந்து நிற்கிறது, அல்லது நீலத்திரை வருகிறது: தொடக்கம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைபட்டால் விண்டோஸ் 10, 11 இரண்டும் தாமாகவே பழுதுநீக்கும் பக்கத்துக்குப் போகும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', அண்மையில் வந்த அப்டேட்டை நீக்குவது, 'சேஃப் மோட்' ஆகியவற்றை முயலலாம். 'ரீசெட்' என்பதை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அதில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு, எல்லாவற்றையும் அழிக்கும் வழியும் உண்டு. அவசரத்தில் விரல் தவறினால் போயிற்று.

இது வீட்டுப் பெட்டிக்கு மட்டும் சொல்லும் வைத்தியம் அல்ல. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மருந்து என்ன? சேஃப் மோடில் நுழைந்து, பழுதான அந்த ஒரு கோப்பை நீக்கி, மறுபடி தொடங்குவது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை. ஆனால் பூட்டு போட்ட டிஸ்க்குகளில் நுழைய 48 இலக்கச் சாவி எண் தேவைப்பட்டது. அது கையில் இல்லாதவர்கள் திண்டாடினார்கள்.

அந்தப் பூட்டு இன்று பல புதிய லேப்டாப்களிலும் இருக்கிறது. அதன் பெயர் பிட்லாக்கர். சாவி எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பெட்டி நன்றாக ஓடும்போதே அதைப் பார்த்து, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

சரக்கை இறக்குவது எப்படி?

விண்டோஸ் எழவே இல்லை என்றாலும் டிஸ்க் நலமாக இருந்தால் கோப்புகளை எடுத்துவிடலாம். உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே தொடங்கினால், டிஸ்க்கைத் திறந்து வேறொரு டிரைவுக்கு நகல் எடுக்க முடியும். பூட்டு போட்ட டிஸ்க் என்றால் இங்கும் சாவி எண் வேண்டும். இதற்கு வெளியூர் நிபுணரைத் தேட வேண்டாம். கேரளப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் வகுப்பில் லினக்ஸ்தான் பழக்கம். நம் பிள்ளைகளையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். 'நிறுவு' என்று கேட்கும் இடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

நண்பரின் கதைக்கு வருகிறேன். மறுநாள் போனிலேயே பயாஸ் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். டிஸ்க்கின் பெயர் இருந்தது. ஆனால் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தீபாவளிக்குத் திருநெல்வேலி போகும்போது, இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார். ஐப்பசி இடிக்கு அது மிகச் சரியான காரியம். ஆனால் தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ பேட்டரி, சிஆர் 2032, வயதாகித் தீர்ந்திருந்தது. கரண்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிட்டது.

சில பத்து ரூபாய் பேட்டரி ஒன்றை வாங்கிப் போட்டு, தேதியையும் தொடக்க முறையையும் பழையபடி அமைத்ததும் விண்டோஸ் வந்தது. "அப்பா போட்டோ எல்லாம் அப்படியே இருக்கு சார்" என்றார். அன்று மாலையே எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுக்க வைத்தேன். ஒன்று லயத்து வீட்டில், மற்றொன்று ஊரில் தங்கை வீட்டில்.

ஊர் விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களுக்குப் பழைய படமும் சான்றிதழும் லேசில் திரும்பக் கிடைப்பவை அல்ல. கடையில் "அழிச்சிடலாமா?" என்று கேட்டால், "முதலில் நகல் எடுத்துக் கொடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.