குறிகட்டுவானில் அடுத்த படகு எத்தனை மணிக்கு?

மேப் செயலிகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று இந்தக் கிழமை பொட்காஸ்ட்டில் கதைத்தோம். நேரம் போதாமல் விட்ட கதை இது: அந்தச் செயலிகள் கைவிட்ட இடத்தில் நான் போட்ட ஒரு விடுமுறைத் திட்டம்.

போன மாதம் லாச்சப்பலில் ஒரு டிராவல் ஏஜென்சியில் கொழும்புக்கு மூன்று டிக்கெட் விலை கேட்டேன். “தீவு தீவாச் சுத்தப் போறம் அண்ணை” என்றேன். “அப்ப மாலைதீவும் சேர்த்துப் போடட்டோ தம்பி?” “இல்லை அண்ணை, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு...” அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “நான் புங்குடுதீவு. அங்கை ஆரப்பா ஹொலிடே போறது?”

நல்ல கேள்வி. கிரேக்கத் தீவுகளுக்குப் போக எங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு துறைமுகத்தின் பெயரைத் தட்டினால் படகு நேரமும் விலையும் வந்துவிடும். அதே மாதிரி நெடுந்தீவை அதன் ஆங்கிலப் பெயரில், ‘டெல்ஃப்ட்’ என்று தேடினேன். செயலி என்னை நெதர்லாந்துக்கு அனுப்பியது.

அதிலும் ஒரு நியாயம் இருக்கு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் எங்கட தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்டர்டாம், அனலைதீவு றொட்டர்டாம், வேலணை லெய்டன், நெடுந்தீவு டெல்ஃப்ட். லாச்சப்பலிலிருந்து நடந்துபோய் கார் து நோரில் றெயின் ஏறினால் அந்த அம்ஸ்டர்டாமுக்கும் றொட்டர்டாமுக்கும் போகலாம். நேரம் நிமிடக் கணக்கில் போனில் இருக்கும். இந்த றொட்டர்டாமுக்குப் படகு எப்ப என்று கேட்டால் போன் வாய் திறக்காது.

காரணம் எளிது. பொதுப் போக்குவரத்தில் பெரும்பாலான செயலிகள் தாங்களாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. நேர அட்டவணையைப் போக்குவரத்து நிறுவனம் ஒரு பொது வடிவத்தில் கொடுக்க வேண்டும். அந்த வடிவத்தின் பெயர் ஜி.டி.எஃப்.எஸ். 2005இல் கூகிளும் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. பிரித்துப் பார்த்தால் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள்: தரிப்பிடங்கள், நேரங்கள், எந்த எந்த நாட்கள். வாகன வகைக்கு ஒவ்வொரு இலக்கம். மெட்ரோவுக்கு 1, படகுக்கு 4. பாரிஸ் பகுதியின் தரவைப் போக்குவரத்து அமைப்பே வெளியிடுகிறது. அதனால்தான் லாச்சப்பல் ஸ்டேஷனில் 2ஆம் இலக்க மெட்ரோ வருவதைப் போன் சொல்கிறது. குறிகட்டுவான் துறைக்கு அப்படி ஒன்றை நான் தேடினேன், கிடைக்கவில்லை.

சரி, நானே செய்வோம் என்று எக்செல் ஷீட் திறந்தேன். ஏழு தீவு: வேலணை, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. ஏழையும் எந்த ஒழுங்கிலும் சுற்றலாம் என்றால் 5040 வழி. கம்ப்யூட்டர் படித்தவனுக்கு ஆசை வரத்தானே செய்யும்!

ஆனால் வரைந்து பார்த்தபோது சிக்கல் சுருங்கிவிட்டது. முதல் மூன்றுக்கும் தாம்போதியும் பாலமும் இருக்கு, பஸ்ஸிலேயே போகலாம். கடல் தாண்ட வேண்டியது நான்குதான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் முனையிலுள்ள குறிகட்டுவானில் ஏறுவது வழக்கம்; அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையில். அதாவது இது மணி கோர்த்த மாலை இல்லை, இரண்டு மையங்களிலிருந்து கிளை பிரியும் மரம். ஒவ்வொரு தீவுக்கும் போய், திரும்பித் துறைக்கு வந்து, அடுத்ததுக்கு ஏற வேண்டும்.

அடுத்தது எந்த மாதம். பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழா இரண்டும் பொருந்தும் என்று ஓகஸ்ட் போட்டிருந்தேன். ஷீட்டை எட்டிப் பார்த்த அம்மா சிரித்தா. “சோழகத்தில நெடுந்தீவுக்குப் போற ஆளைப் பார்!” சோழகம் என்றால் தென்மேற்குக் காற்று. ஆனி, ஆடி, ஆவணியில் பலமாக அடிக்கும். நயினாதீவு கிட்ட, இருபது நிமிடம் போல. நெடுந்தீவு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டவான திறந்த கடல். வருடக் கடைசியில் வாடைக் காற்றும் மழையும். “மாசி, பங்குனியில போ, கடல் குளம் மாதிரிக் கிடக்கும்” என்றா. பிரான்ஸின் குளிர்கால விடுமுறை பெப்ரவரியில் வருகிறது. எந்த ஃபைலிலும் இல்லாத தகவல், ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

அம்மா நெடுந்தீவு. பவளக்கல் அடுக்கிய வேலிகள், காட்டுக் குதிரைகள், பெருக்கமரம், இடிந்த கோட்டை எல்லாம் அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனால் இரண்டாம் நாளை முழுதாக நெடுந்தீவுக்கு ஒதுக்கி, மூன்று பேர் என்று எழுதினேன். அம்மா பார்த்துவிட்டு, “நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. நான் குறிகட்டுவானில நிக்கிறன்” என்றா.

1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, 20க்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். செய்தது கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அதே குமுதினி, திருத்தித் திருத்தி, போர் முடிந்த பிறகும் அந்தக் கடலில் ஓடியது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் விடுமுறைத் திட்டத்தின் ஒரு கட்டத்துக்குள் அது வரும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போதைய திட்டம் இது. முதல் நாள் 776 பஸ்ஸில் குறிகட்டுவான், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில், பக்கத்தில் நாகதீப விகாரை. இரண்டாம் நாள் நெடுந்தீவு. மூன்றாம் நாள் ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவு, எழுவைதீவு. நான்காம் நாள் அங்கிருந்து ‘பாதை’யில் ஏறிக் காரைநகர், வாகனத்தையும் ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். கசூரினா கடற்கரையில் குளித்துவிட்டுப் பொன்னாலை வழியாக யாழ்ப்பாணம்.

போகிறவர்களுக்கு இரண்டு விதி. துறையில் முதலில் கேட்க வேண்டியது கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று. போகிற படகைப் பிறகு கேட்கலாம். மற்றது, காற்றுக்காக ஒரு நாளைச் சும்மா விடுங்கோ.

எங்கட கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டிலும் தீவுப்பகுதி ஆட்கள் இருப்பார்கள். துறைகளின் பெயர், படகு வழி, காற்று மாதம் எல்லாம் கேட்டு வொய்ஸ் நோட்டாக எடுத்து வையுங்கோ. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் படகு வழியை யாரும் வரையலாம், தமிழ்ப் பெயரும் போடலாம். நான் போய்வந்து துறைகளைப் பதிவேன். மிச்சத்தைச் சேர்ந்து செய்வோம்.

டிக்கெட் பெப்ரவரிக்குப் போட்டாச்சு, மூன்று பேருக்கும். நெடுந்தீவு நாளில் எத்தனை பேர் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். நேற்று அம்மா கேட்டா, “இப்ப ஓடுற படகு பெரிசோ?” என்று.