கையேட்டுப் பக்கத்தில் கோடும் புள்ளியும்

திருவொற்றியூர்த் திருக்கோயிலில் பாணினி இலக்கணத்தை விரித்துரைத்தற்கென ஒரு மண்டபம் இருந்தமை கல்வெட்டுகளால் அறியப்படும். பிழை களையும் நூலுக்கு எழுந்த உரையே பிழைபடின் பயன் என்னை?

ஹன்ஸ்பெல் என்னும் எழுத்துப்பிழை காணும் நிரலின் கையேட்டுப் பக்கங்களும் அந்நிரலுக்கு உரையே. தமிழ்போல் ஒட்டுநிலை மொழியாகிய அங்கேரியத்தின் பொருட்டு நேமெத் லாஸ்லோ ஆக்கியது அது. இத்தகைய பக்கங்கள், 1971ஆம் ஆண்டின் யூனிக்ஸ் கைந்நூல் தொட்டு, குறியீடுகள் விரவிய மூலமாக எழுதப்பெற்று, வடிவமைப்பு நிரலொன்றால் திரையில் காட்டப்பெறுவன.

கட்டளையில் அகராதியைச் சுட்ட, ஒரு கோடும் 'டி' என்னும் ஆங்கில எழுத்தும் இடுவர். அக்கோடு கழித்தற்குறியாதல் வேண்டும். மூலத்தில் வெறுங்கோடு இடின், குரோஃப் என்னும் வடிவமைப்பு நிரல் அதனைச் சொல்லிணைக்கும் கோடாகவே கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. படியெடுத்து இட்டாலோ, ஹன்ஸ்பெல் அதனைக் கோப்பின் பெயரெனக் கருதித் தேடும். கோட்டின்முன் பின்சாய்கோடு இடுதலே திருத்தம். டெபியன் முதலிய தொகுப்புகள் இரண்டனையும் ஒன்றாகக் காட்டுமாறு அமைத்துக்கொண்டன. அது பிழையை மறைப்பதன்றித் தீர்ப்பதன்று.

இதனினும் கொடியது புள்ளி. மூலத்தில் வரியொன்று முற்றுப்புள்ளியால் தொடங்கின், அது கட்டளையெனக் கொள்ளப்படும். அறியாக் கட்டளையாயின் வரி முழுதும் மறையும். ஹன்ஸ்பெல்லின் அகராதிக் கோப்புகளைக் குறிக்கும் பெயரீறுகளோ புள்ளியால் தொடங்குவன! சுவடியில் புள்ளியின்மை பதிப்பாசிரியரை இடர்ப்படுத்தியது. ஈண்டுப் புள்ளி இருத்தலே வரியை விழுங்குகின்றது. பின்சாய்கோடும் உம்மைக்குறியும் சேர்ந்த அகலமில்லாக் குறியைப் புள்ளியின்முன் இடின், வரி மீளும்.