எமலோகத்தின் கணக்குப்பிள்ளை

எமலோகத்தில் தீர்ப்புச் சொல்பவர் எமதருமர். ஏட்டைப் புரட்டுபவர் சித்திரகுப்தர். உயிர்கள் செய்த நல்லது கெட்டதை ஒன்றுவிடாமல் எழுதி, உரிய நேரத்தில் படித்துக் காட்டுவது அவர் பொறுப்பு. தண்டிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. தென்மாவட்டங்களில் இவருக்குச் சித்திரபுத்திர நாயனார் என்று பெயர்.

சிவபெருமான் பொற்பலகையில் வரைந்த சித்திரம் உயிர்பெற்று வந்ததால் இப்பெயர் என்பது ஒரு கதை. காமதேனுவின் வயிற்றில் பிறந்தவர் என்பது இன்னொன்று. அதனால்தான் அவருக்குரிய விரதத்தில் பசும்பால், தயிர், நெய் சேர்ப்பதில்லை.

பாதாள உலகில் இப்படிப்பட்ட பணியாளர்கள் பிற நாட்டுப் புராணங்களிலும் உண்டு. கிரேக்கர்களின் ஹேடீஸ் உலகில் மினோஸ், ராடமாந்திஸ், ஐயகோஸ் என மூவர் நீதிபதிகள். மூவரும் பூமியில் அரசர்களாக இருந்தவர்கள். எகிப்தில் இறந்தவரின் இதயத்தைத் தராசில் நிறுக்கும்போது முடிவைக் குறித்துக்கொள்பவர் தோத். சித்திரகுப்தருக்கு நெருங்கிய உறவு இவர்தான்.

சிதம்பரத்தில், சிவகங்கைக் குளத்தின் மேற்கே உள்ள சிவகாமசுந்தரி அம்மன் கோயிலுக்குள் சித்திரகுப்தருக்குச் சன்னிதி உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சோழப் படைத்தலைவன் நரலோகவீரன் திருப்பணி செய்த கோயில் இது. காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் அவருக்குத் தனிக்கோயிலே இருக்கிறது.

சிற்பங்களில் அவர் வலக்கையில் எழுத்தாணி, இடக்கையில் ஓலைச்சுவடி. எழுத்தாணியால் எழுதுவது என்றால் ஓலையைக் கீறுவது. கரியைத் தடவினால்தான் கீறல் எழுத்தாகத் தெரியும். மை எழுத்தைப்போல அதைக் கழுவித் துடைக்க முடியாது.

ஊர்க் கணக்கு எழுதிவந்த கருணீகர் மரபினர் சித்திரகுப்தரைத் தங்கள் தெய்வமாகக் கொண்டனர். 1823இல் சிதம்பரம் அருகே மருதூரில் பிறந்த வள்ளலார் அந்த மரபினர். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர், அதாவது கர்ணம். நிலம், விளைச்சல், வரி எல்லாம் கர்ணத்தின் ஏட்டில் இருந்ததால் கிராமத்தில் அவர் எழுத்துக்குத் தனி மதிப்பு. பரம்பரைக் கர்ணம் பதவியைத் தமிழக அரசு 1980இல் ஒழித்தது.

சித்திரகுப்தருக்குரிய நாள் சித்ரா பௌர்ணமி. வீட்டில் மாக்கோலத்தால் அவர் உருவம் வரைந்து, பக்கத்தில் ஏடும் எழுதுகோலும் வைப்பார்கள். விரதம் இருப்பவர்கள் அன்று உப்பில்லாமல் உண்பார்கள். செய்த புண்ணியத்தைப் பெரிதாகவும் பாவத்தைச் சிறிதாகவும் எழுதிக்கொள்ளும்படி வேண்டுவது வழக்கம். வரிக் கணக்கு எழுதும் கர்ணத்திடம் குடியானவர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.