குடிநீர்க் குழாய் உடைப்பு முன்கணிப்பு

குடிநீர்க் குழாய் உடைப்பு முன்கணிப்பு என்பது, நீர் வழங்கல் வலையமைப்பில் எந்தக் குழாய் உடைய வாய்ப்பு அதிகம் என்பதைப் பழைய உடைப்புப் பதிவுகளைக் கொண்டு புள்ளியியல் முறையில் மதிப்பிடுவதாகும். குழாய் எந்த நாளில் உடையும் என்று இம்முறை சொல்வதில்லை. இருக்கும் பணத்தில் எதை முதலில் மாற்றுவது என்ற வரிசையையே தருகிறது.

கரிசல் மண்ணின் தாக்கம்

தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள கோவில்பட்டி, கரிசல் மண் நிறைந்த வானம் பார்த்த பூமியில் அமைந்த நகரம். இதற்கான குடிநீர், தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியிலிருந்து நீண்ட குழாய்கள் வழியாக வருகிறது. கரிசல் மண்ணிலுள்ள மொன்ட்மோரிலோனைட்டு வகைக் களிமண் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் வெடித்த நிலம் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும்போது, புதைந்துள்ள குழாய் வளைகிறது, இணைப்புகள் தளர்கின்றன. நீரை விட்டுவிட்டுத் திறக்கும் ஊர்களில், திறக்கும்போது ஏற்படும் அழுத்த மாற்றமும் குழாயைப் பாதிக்கிறது. நீர் நின்றிருக்கும் நேரத்தில் உடைப்பின் வழியே கழிவுநீர் உள்ளே புகவும் கூடும்.

உடைப்பு வீதம்

உடைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும். எடுத்துக்காட்டாக, 3 கி.மீ. குழாய் ஒன்று 10 ஆண்டுகளில் 6 முறையும், 1 கி.மீ. குழாய் ஒன்று 4 முறையும் உடைந்ததாகக் கொள்வோம். முதலாவதன் வீதம் ஆண்டுக்கு, கிலோமீட்டருக்கு 0.2, இரண்டாவதன் வீதம் 0.4. எனவே முதலில் கவனிக்க வேண்டியது இரண்டாவது குழாய். பாய்சான் பரவலின்படி, அது அடுத்த ஓராண்டில் ஒருமுறையேனும் உடைவதற்கான வாய்ப்பு சுமார் 33 விழுக்காடு.

மாதிரிகள்

குழாயின் வயது கூடக்கூட உடைப்புகள் அடுக்குக்குறி வீதத்தில் பெருகும் என்னும் மாதிரியை 1979இல் ஷமீர், ஹோவர்ட் ஆகியோர் வெளியிட்டனர். பின்வந்த மாதிரிகள் குழாயின் விட்டம், பொருள், மண் வகை, முந்தைய உடைப்புகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டன. கரிசல் நிலத்தில் வயதை மட்டும் பார்ப்பது போதாது. மழைக்கும் வறட்சிக்கும் இடையிலான மாற்றமும் கணக்கில் வர வேண்டும்.

பதிவேட்டின் தேவை

உடைப்பு நடந்த நாள், இடம், குழாயின் பொருள், விட்டம், பதித்த ஆண்டு, உடைந்த விதம் ஆகியவை ஒவ்வொரு முறையும் பதியப்பட வேண்டும். இதுவரை உடையாத குழாய்களின் விவரமும் தேவை. அவற்றை விட்டுவிட்டால் குழாய்களின் ஆயுள் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். பழுதைச் சரிசெய்துவிட்டுப் பதியாமல் விட்டால், எந்த மாதிரியாலும் அடுத்த உடைப்பைக் கணிக்க இயலாது.